புறாவைப் பாருங்கள், கொக்கின் பின்னால் போகாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டில் வழி தவறியவர்கள் தண்ணீரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று உங்கள் நாளிதழின் கோடைச் சிறப்புப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. விலங்குகளையும் பறவைகளையும் பின்தொடர்ந்து போனால் தண்ணீர் கிடைக்கும், அவை குடிக்கும் நீரை நாமும் தாராளமாகக் குடிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். முன்னதில் பாதிதான் உண்மை. பின்னது ஆபத்து. லீவு விட்டதும் ஏலகிரி, ஜவ்வாது மலை என்று கிளம்பும் பிள்ளைகள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்ததில் பெரும்பகுதி அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம்தான். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மலைக் கிராமங்களுக்குச் சரியான சாலை இல்லாத காலத்தில் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறுவோம். மாடு மேய்க்கும் மலைவாசிகள் துணைக்கு வருவார்கள். சித்திரை, வைகாசியில் கானாறெல்லாம் கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் மலையின் எந்த மடிப்பில் தண்ணீர் நிற்கிறது என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பதைக் கூடவே நடந்து பார்த்திருக்கிறேன்.

பறவைகளை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பறவைக்கும் தினமும் தண்ணீர் வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. காய்ந்த தானியத்தையும் விதையையும் தின்னும் பறவைக்குத்தான் தண்ணீர் கட்டாயம், ஏனென்றால் அதன் இரையில் ஈரமே கிடையாது. மணிப்புறா, கள்ளிப்புறா, தினைக்குருவி, சில்லை இதெல்லாம் அந்த வகை. வெயில் காலத்தில் ஒரு நாள் கூடக் குடிக்காமல் இருப்பது அவற்றுக்குக் கஷ்டம். பருந்து, வல்லூறு, ஆந்தை போன்றவை தாங்கள் தின்னும் எலியிலும் ஓணானிலும் இருக்கிற ஈரத்தை வைத்தே பெருமளவு சமாளித்துவிடும். வானத்தில் பருந்து வட்டமடிப்பதைப் பார்த்து அடியில் குளம் இருக்கும் என்று நடந்தால் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

கொக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் கூடக் கொக்கைக் கண்டால் தண்ணீர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாட்டுக் கூட்டத்தோடு வரும் உண்ணிக்கொக்கு தண்ணீருக்காக வருவதே இல்லை. மாடு புல்லை மிதிக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளியைப் பிடிக்க வருகிறது. மீன்கொத்தியிலும் இதே கதைதான். நம் பக்கம் அடிக்கடி கண்ணில் படுகிற, மார்பு வெள்ளையாகவும் முதுகு நீலமாகவும் இருக்கும் மீன்கொத்தி, பெயரில்தான் மீன் வைத்திருக்கிறது. பூச்சி, பல்லி, ஓணான் என்று பிடித்துத் தின்றுகொண்டு தண்ணீருக்கு வெகுதூரத்தில் கூட வாழும். ஆள்காட்டிக் குருவியில் இரண்டு உண்டு. கண்ணோரம் சிவப்பாக இருப்பது பெரும்பாலும் ஏரி, குட்டை ஓரத்தில் திரியும். கோடையில் அடிவயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். மஞ்சளாக இருப்பதோ காய்ந்த மேட்டு நிலத்துப் பறவை. இரண்டின் குரலையும் பிரித்தறியாமல், ஆள்காட்டி கத்துகிறது, பக்கத்தில் தண்ணீர் உண்டு என்று போகக் கூடாது.

சரி, புறாவுக்கு வருகிறேன். என்னோடு ஏறிய ஒரு பெரியவர் சாயங்காலம் மூன்றரை, நான்கு மணி ஆனால் பேச்சை நிறுத்திவிட்டு, மரம் இல்லாத ஒரு பாறை மேட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். "ஐயா, இப்ப புறா போவும், அது எப்படிப் போவுதுன்னு பாருங்க" என்பார். அவர் காட்டியது இதுதான். தாகத்தோடு போகும் புறா தாழ்வாக, நேர்க்கோட்டில், இறக்கையை வேகமாக அடித்துக்கொண்டு போகும். வழியில் எந்த மரத்திலும் உட்காராது. குடித்துவிட்டு வருகிற புறா அவசரப்படாது. வயிறு கனத்திருக்கும், மரத்துக்கு மரம் உட்கார்ந்து உட்கார்ந்து வரும். ஒரே ஒரு புறாவை வைத்து முடிவு செய்யக் கூடாது. தனித்தனியாகப் பல திசையிலிருந்து வருகிற புறாக்கள் ஒரே பள்ளத்தை நோக்கி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இறங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு குழப்பம் வரும். பொழுது சாயும் நேரத்தில் கிளியும் காக்கையும் கூட்டமாக ஒரே திசையில் பறக்கும். அவை போவது ராத்திரி தங்கும் மரத்தில் அடைவதற்கு. தண்ணீருக்காக இல்லை. அதனால்தான் பெரியவர் நான்கு மணிக்கே உட்கார்ந்தார். பொழுது இறங்க இறங்க அடையப் போகும் பறவைகளும் கலந்துவிடும், அப்புறம் எது எதற்குப் போகிறது என்று பிரிக்க முடியாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலும் புறா தண்ணீருக்குப் போகும், அப்போது இந்தக் குழப்பம் குறைவு.

விலங்குகளில் மான், மாடு, ஆடு, காட்டுப்பன்றி இவற்றைத்தான் நம்பலாம். புல் தின்னும் மிருகத்துக்குக் கோடையில் புல்லே சருகாகிவிடுவதால் தண்ணீர் இல்லாமல் முடியாது. வேலூர் வெயிலில் ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பதை மாடு வைத்திருக்கும் எல்லாரும் அறிவார்கள். புள்ளிமானும் தண்ணீரை விட்டு வெகுதூரம் விலகாது. இவை நடந்து நடந்து தேய்ந்த தடம் காட்டில் தெளிவாகத் தெரியும். மேய்ச்சலில் தடம் நாலாபக்கமும் சிதறியிருக்கும். தண்ணீரை நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரே தடமாகிவிடும். இரண்டு தடம் சேரும் இடத்தில் நின்று, சேர்ந்த தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அது சரிவில் கீழே இறங்கினால், அங்கே நீர்மருதும் நாவலும் பச்சையாக வரிசை பிடித்து நின்றால், நம்பிப் போகலாம். மேட்டில் ஏறினால் அது கணவாய்க்கோ, உப்பு மண் நக்கும் இடத்துக்கோ, ஊருக்கோ போகிற தடமாக இருக்கலாம். ஊருக்குப் போகிற தடமாக இருந்தாலும் வழி தவறியவனுக்கு நல்லதுதான்.

காட்டுப்பன்றியைப் பற்றி நான் பார்த்து வியந்த ஒன்றைச் சொல்கிறேன். பன்றிக்கு நம்மைப் போல வியர்த்து உடம்பைக் குளிர வைக்க முடியாது, அதனால் சேற்றில் புரண்டே ஆக வேண்டும். புரண்டு எழுந்ததும் பக்கத்து மரத்தில் உடம்பை உரசும். அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் நடுவில் பட்டை பட்டையாகச் சேறு அப்பியிருக்கும், சில சமயம் அதில் கரகரப்பான கறுப்பு முடியும் ஒட்டியிருக்கும். அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். வெளுத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பழையது, குட்டை வற்றிப்போயிருக்கலாம். ஓரம் காய்ந்து நடுவில் குளிர்ச்சியாக இருந்தால் அன்றைக்குப் பட்டது. அடுத்தடுத்த மரங்களில் எதில் சேறு அதிகம் என்று பார்த்துக்கொண்டே போனால், கூடிக்கொண்டே போகிற பக்கத்தில் சேற்றுக்குழி இருக்கும். அந்தக் குழித் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை. ஆனால் அந்தக் கானாற்றின் மணலுக்கு அடியில் ஈரம் இருக்கிறது என்பதற்கு அது நிச்சயமான அடையாளம். கொஞ்சம் மேலே போய், ஓடை வளைகிற வெளிப்பக்கக் கரையோரமாக மணலைத் தோண்டினால் ஊற்று கிடைக்க வாய்ப்புண்டு. பாலாற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: முதலில் ஊறும் கலங்கல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்து ஊறுவதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு காடுகளுக்கு வரும் யானைகளும் காய்ந்த மணலைக் காலாலும் துதிக்கையாலும் தோண்டித் தண்ணீர் எடுக்கும். அவை போன பிறகு அந்தக் குழியில் மானும் குரங்கும் பறவையும் குடிக்கும். ஆனால் யானையைப் பின்தொடர்வது என்ற எண்ணமே யாருக்கும் வரக் கூடாது. புதுச் சாணியைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

குரங்கு இருந்தால் தண்ணீர் உண்டு என்று உங்கள் குறிப்பில் இருந்தது. உள்காட்டுக் குரங்குக்கு அது பொருந்தும். ஏலகிரி மலைப்பாதை வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குக்குப் பொருந்தாது. அவை வண்டியில் வருகிறவர்கள் போடுவதைத் தின்றும், பாட்டில் தண்ணீரைப் பிடுங்கிக் குடித்தும் பழகிவிட்டன.

பூச்சிகளில் தேனீயும் குளவியும் உதவும். கோடையில் தேனீ கூட்டைக் குளிர வைக்கத் தண்ணீர் சுமக்கும், அதனால் ஈரப் பாறையில் தேனீ கூட்டமாக மொய்த்தால் அங்கே கசிவு இருக்கிறது. குளவி மண்கூடு கட்ட ஈரமண் உருண்டை எடுத்துப் போவதைப் பார்த்தால், அந்த ஈரம் பக்கத்திலேயே இருக்கிறது, அவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டு அது வெகுதூரம் பறக்காது. தட்டானை நம்ப வேண்டாம். மழைக்கு முன்னும் பின்னும் கூட்டமாகத் திரியும் தட்டான்களில் கடலையே தாண்டிப் போகிற வகை உண்டு. புற்று இருந்தால் அடியில் நீரோட்டம் என்று கிணறு வெட்டுபவர்கள் சொல்வார்கள். அது சரியாகவே இருந்தாலும், தொண்டை காய்ந்து நிற்கிறவனுக்குப் பயன்படாது.

இனி உங்கள் குறிப்பின் அடுத்த பகுதிக்கு வருகிறேன். மிருகம் குடிக்கிற தண்ணீரை மனிதனும் குடிக்கலாம் என்பது. கால்நடைகளோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை என்னால் விட முடியாது. எட்டிப்பழத்தின் சதையைக் குரங்கும் பறவையும் தின்கின்றன. அதைப் பார்த்துவிட்டு நாம் எட்டிப்பழத்தைத் தின்போமா? அதன் கொட்டையில் இருப்பது உயிரைக் கொல்லும் விஷம். தண்ணீரிலும் அப்படியே. எலி, மாடு, பன்றி, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. அதைக் குடித்தால்தான் வரும் என்றில்லை, காலில் சிராய்ப்பு இருக்கும்போது அந்தச் சேற்றில் இறங்கினாலே போதும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கிச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடித்துவிடும். கோடையில் சுருங்கிப்போன குட்டையில் எல்லா மிருகமும் ஒரே இடத்தில் வந்து நிற்பதால் கிருமியும் அங்கேதான் சேர்ந்திருக்கும். மிருகம் வருகிற தண்ணீர் என்பது தண்ணீர் இருப்பதற்கு அடையாளம், சுத்தத்துக்கு அடையாளம் ஆகாது.

அதனால் குட்டையில் நேரடியாக மொள்ளாமல், கரையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மணலில் குழி தோண்டி அதில் கசிந்து வருவதை எடுங்கள். தேற்றான்கொட்டை கையில் இருந்தால் பாத்திரத்தின் உள்பக்கம் உரைத்துவிட்டு ஊற்றினால் கலங்கல் அடங்கும். ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது, கொப்புளித்துக் கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். காட்டில் வெயில் காலத்தில் தீ மூட்டக் கூடாது என்பதால் தண்ணீரைச் சுத்தமாக்கும் குளோரின் மாத்திரை அட்டை ஒன்று பையில் கிடக்கட்டும், எடையே இல்லை. மேலே பச்சை வர்ணம் பூசினாற்போல் ஏடு படிந்த தண்ணீரைத் தொடவே வேண்டாம், அந்த ஏட்டில் நஞ்சு இருக்கலாம், கொதிக்க வைத்தாலும் அது போகாது. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பகுதிகளுக்கும் இதே பேச்சுதான். அந்தத் தண்ணீரை மாடு குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக அது குடிநீர் ஆகிவிடுமா? அந்தக் கழிவை எதிர்த்து நம் வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கிய வரலாற்றை இளைஞர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் குறிப்பில் விட்டுவிட்டார்கள். சாயங்காலம் மான் தண்ணீருக்கு வரும் என்று நமக்குத் தெரிவதைவிடச் சிறுத்தைக்கு நன்றாகத் தெரியும். ஜவ்வாது மலையில் கரடியும் உண்டு. ஆகவே பொழுது சாயும்போது தூரத்திலிருந்து பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் நன்றாக விடிந்த பிறகு சத்தம் கொடுத்துக்கொண்டு போவதுதான் மேய்ப்பவர்களின் பழக்கம். பாறைப் பொந்தில் தண்ணீர் தெரிந்தால் கையை விடாமல் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள், பாம்பு இருக்கும். தண்ணீரை எடுத்துக்கொண்டதும் அங்கிருந்து கிளம்பிவிடுவார்கள். சுனையோரம் உட்கார்ந்து சாப்பிடுவதோ, படுப்பதோ, சோப்புப் போட்டுக் குளிப்பதோ அவர்களிடம் கிடையாது. நாம் ஒரு ராத்திரி கூடாரம் போட்டு அங்கே தங்கினால், சுற்றிலும் உள்ள மானும் மயிலும் அந்த ராத்திரி தாகத்தோடு கிடக்கும். வைகாசி மாதத்தில் ஒரு மலைச்சரிவுக்கு அந்த ஒரு சுனைதான் மிச்சமிருக்கும். நமக்குக் கீழே இறங்கினால் ஒடுகத்தூரில் டீக்கடை இருக்கிறது, அவற்றுக்கு வேறு எங்கே போக்கு?

உண்மையில் வழி தவறினால் செய்ய வேண்டியது என்ன என்பதையும் சேர்த்துவிடுகிறேன். நாற்பது டிகிரி வெயிலில் தண்ணீர் தேடி அலைந்தால் வியர்வையிலேயே மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும். நிழலில் உட்கார்ந்து 112-க்குப் போன் செய்து, வந்த வழியை யோசித்து, வெயில் தாழ்ந்த பிறகு நடப்பதுதான் புத்திசாலித்தனம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது என்பது சட்டம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இறந்தவர்களை நினைத்தால் அந்தச் சட்டம் எதற்கு என்று புரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் கேட்க வந்தது ஒன்று உண்டு. கோடையில் காட்டு விலங்குகளுக்காகத் தொட்டி கட்டி, லாரியில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றுகிறார்கள். நல்ல காரியம். தன்னார்வ அமைப்புகளும் ஆர்வத்தோடு செய்கின்றன. ஆனால் லாரி வந்து நிற்கத் தோதாகச் சாலையோரத்தில் தொட்டியை வைத்துவிட்டால், மான் சாலையைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. வண்டியில் அடிபடும், ஊர் நாய்கள் துரத்தும். தண்ணீர் வைக்கும் இடத்தை லாரியைக் கேட்டு முடிவு செய்யாமல் தடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். எங்கே தடங்கள் கூடுகின்றன, எங்கே புறா இறங்குகிறது, எந்த மரத்தில் சேறு அப்பியிருக்கிறது என்று அந்தந்த மலை மேய்ப்பவர்களுக்குத் தெரியும். இடம் தேர்ந்தெடுக்கும் நாளில் அவர்களில் ஒருவரை உங்களோடு அழைத்துப் போங்கள், அந்த நாள் கூலியைக் கொடுங்கள்.

தொட்டியின் ஒரு பக்கச் சுவர் சரிவாக இறங்க வேண்டும். நேர்ச்சுவராகக் கட்டினால் அணிலும் கவுதாரிக் குஞ்சும் உள்ளே விழுந்து ஏற முடியாமல் செத்து மிதக்கும், அப்புறம் அந்தத் தண்ணீரே கெட்டுவிடும். மேய்ச்சல் மாடும் மானும் ஒரே தொட்டியில் வாய் வைத்தால், வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி நோய் மாட்டிலிருந்து மானுக்கும் பன்றிக்கும் தாவும். ஆகவே அடிவாரக் கிராமத்து மாடுகள் ஒன்று விடாமல் கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொள்வதும், தொட்டியை அடிக்கடி கழுவிவிடுவதும் இந்த வேலையோடு சேர்ந்ததுதான். அமிர்தி பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் நீர்செறிவுக் கிணறுகள் அமைத்ததை எல்லாரும் அறிவோம். அதுபோல் மலை மடிப்புகளில் கசிவுநீர்க் குட்டைகள் கூடக் கூட, லாரித் தண்ணீருக்குத் தேவை குறையும்.

உங்கள் குறிப்புக்குத் திருத்தம் ஒன்றை, பள்ளி விடுமுறை முடிவதற்குள் வெளியிட்டால் நன்றாக இருக்கும். அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது மலை மேலே மாடு மேய்க்கும் ஒருவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நிருபரை அனுப்பினால் நான் கூட வரத் தயார். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் ஒடுகத்தூருக்கு வந்துவிடச் சொல்லுங்கள், தாமதமானால் அன்றைக்குப் புறாவைப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.